மஞ்சளிலும் குங்குமத்திலும் காரீயம்!

பஞ்சப்படி, போனஸ், வேலைப்பளு, கூலி உயர்வு இவற்றைப் பற்றி வாரந்தோறும் இப்பத்திரிகையில் எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். ஆனால் ஷிப்டு முடிந்து மில் கேட்டைத் தாண்டிய தொழிலாளி எங்கே போகிறான்? களையெடுத்துக் கரையேறிய விவசாயத் தொழிலாளிப் பெண் எங்கே போகிறாள்? வாங்கிய கூலி எங்கே போகிறது? வீட்டுக்குத்தான். அந்த வீட்டைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. இந்த வாரம் அதைப் பேசுவோம்.

தொழிலாளி வீடு இன்று எப்படியிருக்கிறது? புருஷன் ஸ்பின்னிங் மில்லில் இரவு ஷிப்டு. மனைவி பனியன் கம்பெனியில் பகல் வேலை. அவன் வந்து படுக்கும்போது அவள் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள். குழந்தை பாட்டியிடம் வளர்கிறது. பெரிய பெண் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கி ஏதோ ஒரு மில்லில் உழைக்கிறாள். குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அந்த ஒரு நாளில் வீட்டுப் பெண் என்ன செய்கிறாள்? குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்த்து விடுகிறாள். மஞ்சள் பூசிக் குளிக்கிறாள். வாசற்படிக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைக்கிறாள். கற்பூரம் கொளுத்தி எல்லோர் நெற்றியிலும் ஒரு தீற்றுத் தீற்றுகிறாள். இதுதான் அவளுக்குப் பண்டிகை. அவளுக்குக் கிடைத்த ஓய்வும் இதுதான். இதைக் கேலி செய்ய நமக்கு மனம் வரவில்லை, வரவும் கூடாது.

காலனிகளிலும் சேரிகளிலும் கூட்டம் முடிந்த பிறகு தாய்மார்கள் நின்று பேசும் பேச்சே வேறு. மேடையில் கேட்காத கேள்விகளை அங்கேதான் கேட்கிறார்கள். "ஏனுங்க தோழர், இந்த மஞ்சப் பொடி நெசமாலுமே மஞ்சளுங்களா? கையில தேச்சா மூணு நாளைக்குப் போக மாட்டேங்குது" என்று ஒருத்தி கேட்கிறாள். "குங்குமம் வெச்ச எடம் அரிச்சுப் புண்ணாப் போச்சுங்க, வைக்காம இருந்தா ஊர் என்ன பேசும்?" என்கிறாள் இன்னொருத்தி. "பேரன் தவழுற புள்ளைங்க, கீழே கொட்டுனதை எல்லாம் நக்குறான். ஒண்ணும் ஆகாதுங்களே?" என்று ஒரு பாட்டி கவலைப்படுகிறாள்.

இந்தக் கேள்விகளுக்கு ஊரில் கிடைக்கும் பதில்கள் மூன்று. "சுத்தபத்தமாகக் கவனித்து வாங்கக் கூடாதா?" என்று படித்தவர் தாயைக் கடிந்துகொள்கிறார். "அம்மன் பேரைச் சொல்லி வைக்கிற பொட்டு, அதில் என்ன கெடுதல் வரும்?" என்று சரக்கு விற்கிறவர் பக்தியைத் துணைக்கு அழைக்கிறார். மூன்றாவது பதில் நம் வாலிபத் தோழர்கள் சிலருடையது. "பொட்டு வைப்பதை நிறுத்து, தீர்ந்தது கவலை!" என்று ஒரே போடாகப் போடுகிறார்கள். குங்குமத்தை நிறுத்தலாம், சாம்பாரை நிறுத்துவார்களா? கோவில் வாசலையே மிதிக்காத நாத்திகத் தோழர் வீட்டுக் குழம்பிலும் அதே மஞ்சள்தான் கொதிக்கிறது.

கடவுள் உண்டா இல்லையா என்ற தர்க்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். நெற்றியில் இடுவதிலும் குழம்பில் போடுவதிலும் விஷத்தைக் கலந்தவன் யார் என்பதுதான் இங்கே கேள்வி. அவனுக்கு மதமில்லை. இந்து வீட்டுக் குங்குமத்திலும் கலப்பான், முஸ்லிம் வீட்டுக் குழந்தையின் கண்ணுக்கு இடும் சுர்மாவிலும் கலப்பான். சுர்மா என்பது அஞ்சனக் கல்லை அரைத்துச் செய்வது என்பார்கள். ஆனால் கடையில் விற்கும் சுர்மாவில் பல, காரீயக் கந்தகக் கல்லின் தூள் என்பதைப் பல நாடுகளில் நடந்த சோதனைகள் காட்டியிருக்கின்றன.

முதலில் குங்குமத்தை எடுத்துக்கொள்வோம். நம் பாட்டிமார் குங்குமம் செய்த முறை என்ன? மஞ்சளை எலுமிச்சைச் சாற்றிலும் வெங்காரத்திலும் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி இடித்தார்கள். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது வெற்றிலை போடும் யாருக்கும் தெரியும். குங்குமத்தின் சிவப்பும் அதே வழியில் வந்ததுதான். அப்படிச் செய்த குங்குமம் இரத்தச் சிவப்பாக இராது. கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். இன்று கடையில் கண்ணைப் பறிக்கிற சிவப்பு எங்கிருந்து வந்தது? மாவிலும் சுண்ணப் பொடியிலும் செயற்கைச் சாயத்தை ஏற்றுகிறார்கள். நெற்றி அரிப்பதும் புண்ணாவதும் பெரும்பாலும் இந்தச் சாயத்தால்தான். வடக்கே வகிட்டில் இடும் சிந்தூருக்கு ஒரு காலத்தில் சாதிலிங்கமும் ஈயச் செந்தூரமும் சேர்த்தார்கள். முன்னது பாதரசம், பின்னது காரீயம். இரண்டும் விஷம்.

2017-ல் அமெரிக்காவில் நியூஜெர்ஸி ராஜ்யத்தின் ரட்ஜர்ஸ் பல்கலைக்கழகத்தார் சிந்தூர்த் தூள்களை வாங்கிச் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். மொத்தம் 118 மாதிரிகள். 95 அந்நாட்டுக் கடைகளில் வாங்கியவை. 23 இந்தியாவில் வாங்கியவை. ஏறக்குறைய ஐந்தில் நான்கு மாதிரிகளில் காரீயம் இருந்தது. பல மாதிரிகள், அழகு சாதனங்களுக்கு அந்நாட்டில் அனுமதித்த அளவான கிராமுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டின. கடல் கடந்து போன சரக்கே இப்படியென்றால், பெயரில்லாத பாக்கெட்டில் நம் சந்தைக்கு வருவதைச் சோதித்தவர் யார்?

மஞ்சள் விஷயம் இதைவிடப் பெரிது. ஏனெனில் மஞ்சளை நாம் தின்கிறோம்.

மஞ்சள் எப்படிக் கடைக்கு வருகிறது என்பதை ஈரோட்டுப் பக்கத்து விவசாயத் தொழிலாளிக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. தோண்டி எடுத்த கிழங்கை வேகவைத்து, களத்தில் பல நாள் காயப்போட்டு, பிறகு சுழலும் டிரம்மில் போட்டு உருட்டுகிறார்கள். மேல்தோலும் வேரும் உரிந்து கிழங்கு பளபளக்கும். இதற்குப் பெயர் பாலிஷ். நல்ல மஞ்சளுக்கு வேறு மேக்கப்பே வேண்டாம். ஆனால் மழையில் நனைந்தது, பூச்சி அரித்தது, குடோனில் வருஷக்கணக்காகக் கிடந்து வெளுத்தது, இவையும் விலை போக வேண்டுமே! அப்போதுதான் சில இடங்களில் அந்த டிரம்மில் ஒரு மஞ்சள் சாயப் பொடியைத் தூவுகிறார்கள். அதன் பெயர் லெட் குரோமேட். காரீயமும் குரோமியமும் சேர்ந்த அந்தப் பொடி பெயிண்டுக்குச் சேர்க்கும் சாயம். ரோட்டில் போடும் மஞ்சள் கோட்டுக்கும் இயந்திரங்களுக்குப் பூசும் மஞ்சள் வர்ணத்துக்கும் உதவும் சரக்கு. இரண்டாந்தர மஞ்சள் ஒரே நாளில் முதல்தர மஞ்சளாகி விடுகிறது!

ஈரோட்டு மஞ்சளைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அதற்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. வியர்வை சிந்தி நல்ல மஞ்சள் விளைவித்தவனின் விலையைத்தான் இந்தச் சாய வியாபாரி முதலில் அடிக்கிறான். அடுத்தபடி யாரை? வாங்கித் தின்பவளையா? இல்லை. டிரம்முக்கு முன்னால் நின்று கைநிறையச் சாயத்தை அள்ளிப் போடும் கூலியாளை! பறக்கும் தூசியை நாள் முழுவதும் இழுப்பவன் அவன். தலையிலும் சட்டையிலும் படிந்ததோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கி முத்தமிடுகிறவனும் அவன்தான். அவனுக்கு முகமூடியும் இல்லை, இரத்தப் பரிசோதனையும் இல்லை. தான் அள்ளுவது இன்னதென்று சொல்லுவாரும் இல்லை.

காரீயம் என்ன செய்யும்? அரிக்காது. பெரும்பாலும் உடனே வாந்தியும் வராது. அதுதான் அதன் கொடுமை. நெற்றித் தோல் வழியாக அது அதிகம் உள்ளே போவதில்லை; வாய் வழியாகவும் மூச்சு வழியாகவும்தான் போகிறது. உதிர்ந்த குங்குமத்தைத் தொட்ட விரலைக் குழந்தை சூப்புகிறது. மஞ்சள் சேர்ந்த குழம்பைப் பிசைந்து உண்கிறது. உடம்புக்குள் போன காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று எண்ணி எலும்பு வாங்கி வைத்துக்கொள்கிறது. வருஷக்கணக்கில் அது அங்கேயே கிடக்கும். பெண் கர்ப்பமானால், குழந்தையின் எலும்புக்காக அவள் எலும்பு சுண்ணாம்பைக் கொடுக்கும்போது காரீயமும் சேர்ந்து போகும். ஒரே அளவு காரீயம் வயிற்றுக்குள் போனால் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு குழந்தை உறிஞ்சிவிடும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்றும் சொல்கிறது.

இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பு காரீயத்தை அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். பாலும் முட்டையும் கீரையும் போதுமான அளவு கிடைக்காத குழந்தை யார் வீட்டுக் குழந்தை? முதலாளி வீட்டுக் குழந்தையா?

அந்தக் குழந்தைக்கு இரத்தச் சோகை வருகிறது. புத்தி மந்தப்படுகிறது. ஓரிடத்தில் உட்கார்ந்து படிக்க முடிவதில்லை, மனம் நிலைகொள்வதில்லை. பள்ளிக்கூடத்தில் என்ன சொல்கிறார்கள்? "இவனுக்குப் படிப்பு ஏறாது, ஏதாவது வேலைக்கு அனுப்பு" என்கிறார்கள். இன்னும் சிலர் சாதியைச் சொல்லிக் காட்டுகிறார்கள். வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, பரம்பரையிலேயே முதலாவதாக ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கும் தாய் இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொள்கிறாள். தலைவிதி என்கிறாள். சாமிக்கு நேர்ந்துகொள்கிறாள். ஒருவேளை அது தலைவிதியல்ல, மளிகைக் கடைப் பொட்டலம் என்றால்? படிப்பு ஏறாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். காரீயம் ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் உலகத்துக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கின் இரத்தத்தில் கவலைப்பட வேண்டிய அளவு காரீயம் இருப்பதாக 2020-ல் ஐ.நா.வின் குழந்தைகள் நிதி ஸ்தாபனம் கணக்கிட்டது. அவர்களில் 27 கோடிக்கு மேற்பட்டோர் இந்தியக் குழந்தைகள். பாட்டரி உடைக்கும் பட்டறை, பழைய பெயிண்ட், தரமற்ற பாத்திரம் என்று வழிகள் பல. மஞ்சளும் அதில் ஒரு வழி.

2020 டிசம்பர் முதல் 2021 மார்ச்சு வரை இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளில் 23 நகரங்களிலிருந்து 356 மஞ்சள் மாதிரிகள் எடுத்துச் சோதித்தார்கள். 2024-ல் முடிவு வெளியாயிற்று. நூற்றுக்குப் பதினான்கு மாதிரிகளில் கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம். நம் நாட்டுச் சட்டம் மஞ்சளில் அனுமதிக்கும் உச்ச அளவு 10. பாட்னாவில் கிடைத்த சில மாதிரிகளில் 1000-க்கும் மேல்! நம் மில்லில் பக்கத்து மெஷினில் நின்று உழைக்கும் பீகார்த் தோழரின் தாயும் பிள்ளைகளும் வாழும் ராஜ்யம் அது. அவர் ஊரிலிருந்து வரும்போது பொட்டலம் கட்டிக்கொண்டு வரும் மசாலாவைப் பற்றி அவரிடம் இரண்டு வார்த்தை பேசுவதும் தொழிற்சங்க வேலைதான்.

சட்டம் இல்லையா? உண்டு. 1954-லேயே உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு, தரச் சட்டம் 2011 ஆகஸ்டிலிருந்து அமலில் இருக்கிறது. மஞ்சள் தூளில் லெட் குரோமேட் இருக்கவே கூடாது என்பது விதி. அழகு சாதனங்களுக்கு நிறமேற்றக் காரீயக் கூட்டுப் பொருளைப் பயன்படுத்தக் கூடாது என்று மருந்து, அழகு சாதனச் சட்டத்தின் விதிகளும் சொல்கின்றன. கேட்கக் காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் நடப்பது என்ன?

கடைக்குப் போய் மஞ்சள் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் பொடியெழுத்தில் ஒரு வாசகம் இருக்கும்: "பூஜைக்கு மட்டும். உண்பதற்கல்ல." அடேயப்பா, என்ன சாமர்த்தியம்! உண்பதற்கல்ல என்றால் உணவு அதிகாரி, இது என் இலாகா இல்லை என்று சொல்ல வழி கிடைக்கிறது. பூஜைக்கு என்றால் அழகு சாதனமும் இல்லை, எனவே மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியும் கைகழுவலாம். இரண்டு சட்டங்களுக்கு நடுவே இருக்கும் சந்தில் அம்மன் மஞ்சள் அனாதையாக நிற்கிறது. வீட்டிலே நடப்பது என்ன? அந்தப் பூஜை மஞ்சளைத்தான் பிள்ளையாராகப் பிடிக்கிறார்கள். அதைத்தான் தாலிக் கயிற்றில் தடவுகிறார்கள்; அந்தக் கயிற்றைத்தான் பால்குடிக் குழந்தை வாயில் வைத்துச் சப்புகிறது. அம்மை போட்ட பிள்ளையின் உடம்பெல்லாம் பூசுவதும் அதையேதான். ஆடி மாதம் மஞ்சள் நீராட்டில் தெருவே நனைகிறது. சமையலறை டப்பாவில் தூள் தீர்ந்துபோனால் அவசரத்துக்கு அதையே ஒரு சிட்டிகை எடுத்துக் குழம்பில் போடுகிறாள். எந்தத் தொழிலாளி வீட்டில் பூஜைக்கு ஒரு அறை, சமையலுக்கு ஒரு அறை இருக்கிறது?

வேறொரு விதியும் உண்டு, அதையும் சொல்லிவிடுவோம். வாங்குகிறவரே கட்டணம் செலுத்தி, உணவுப் பொருளைச் சர்க்கார் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம் என்று 2006-ம் ஆண்டுச் சட்டத்தின் 40-வது பிரிவு சொல்கிறது. குற்றம் இருப்பது தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நல்ல விதிதான். ஆனால் ஒரு நிபந்தனை: சோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். மாதச் சம்பளத்தை எதிர்பார்த்துக் கணக்கு நோட்டில் கடன் எழுதி அரிசி வாங்கும் பெண், அந்தக் கடைக்காரரைப் பார்த்து, "அண்ணாச்சி, உங்க மஞ்சளை லாபுக்கு அனுப்பப் போறேன்" என்று சொல்வாளா? சொன்னால் அடுத்த வாரம் அவள் வீட்டு உலையில் அரிசி ஏது? அந்தச் சின்னக் கடைக்காரர் மண்டியிலிருந்து மூட்டை வாங்கிப் பிரித்து விற்பவர். மூட்டைக்குள் என்ன இருக்கிறதென்று அவருக்குமே தெரியாது. சாயம் தூவியவன் வெகுதூரத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறான்.

ஆகாத காரியம் என்று யாரும் கையை விரிக்க வேண்டாம். வங்காள தேசத்தில் ஆகியிருக்கிறது. அங்கே கிராமத்துக் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் காரீயம் ஏறியிருப்பதைக் கண்டார்கள். பாட்டரி தொழிற்சாலையும் இல்லை, பெயிண்ட் கம்பெனியும் இல்லை, எங்கிருந்து வந்தது? டாக்காவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தாரும் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தாரும் தேடித் துருவி, மஞ்சளிலிருந்துதான் என்று 2019-ல் வெளியிட்டார்கள். 1980-களில் ஒரு பெருவெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய மஞ்சளை விற்பதற்காகத் தொடங்கிய பழக்கம், பிறகு ஊரெல்லாம் வியாபார வழக்கமாகிவிட்டது.

அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் என்ன செய்தார்கள்? சில நிமிஷங்களில் காரீயத்தைக் காட்டிவிடும் எக்ஸ்ரே கருவி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்காவின் மொத்த மண்டிக்கே போனார்கள். சின்னக் கடைக்காரனை அல்ல, மொத்த வியாபாரியைப் பிடித்தார்கள். சரக்கைப் பறிமுதல் செய்து, அபராதம் போட்டு, நாடு முழுவதும் செய்தியாக்கினார்கள். சந்தைகளில் நோட்டீசு ஒட்டினார்கள். 2019-ல் நூற்றுக்கு 47 மாதிரிகளில் இருந்த காரீயம், 2021-ல் ஒன்றிலும் இல்லை! பாலிஷ் மில் தொழிலாளிகளின் இரத்தத்தில் இருந்த காரீயமும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டே வருஷம்! நம்மைவிடப் பணக்கார நாடா அது? விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததைச் சர்க்கார் காதில் வாங்கிற்று, அவ்வளவுதான் விஷயம். சந்திரனுக்கு ராக்கெட் விடத் தெரிந்த நாட்டுக்கு, மஞ்சள் மண்டிக்கு ஒரு கருவியை அனுப்ப முடியாதா?

உழைப்பவனை வருத்தும் சரக்கும் வாங்குபவனை வருத்தும் சரக்கும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. இது புதிதல்ல. லண்டன் ரொட்டியில் படிகாரமும் மணலும் கலந்த கதையை மார்க்ஸ் 1867-ல் வெளிவந்த "மூலதனம்" நூலில் எடுத்துக் காட்டினார். இரவெல்லாம் கண் விழித்து மாவு பிசைந்த தொழிலாளிகளின் குறைகளை விசாரித்த அறிக்கையும் அந்தக் கலப்படத்தை எடுத்துக் காட்டிற்று.

தீப்பெட்டியின் கதை அதைவிடப் பொருத்தம். நம் சிவகாசி, கோவில்பட்டிப் பெண்களுக்குத் தெரிந்த தொழில் அது. லண்டன் கிழக்குப் பகுதியில் ஒரு பெரிய தீப்பெட்டித் தொழிற்சாலை. அங்கே வெள்ளைப் பாஸ்பரஸ் என்ற சரக்கில் தீக்குச்சி செய்தார்கள். அதன் புகை பட்டுப் பட்டுத் தொழிலாளிகளின் தாடை எலும்பே அழுகிப்போகும். ஆபத்துக் குறைந்த சிவப்புப் பாஸ்பரஸ் அப்போதே உண்டு; விலைதான் கொஞ்சம் கூடுதல். 1888 ஜூலையில் ஏறக்குறைய 1400 பெண்களும் சிறுமிகளும் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, சோறு தின்னத் தனி அறை! விஷம் படிந்த மேஜையிலேயே ரொட்டியை வைத்துத் தின்ன வேண்டியிருந்தது அவர்களுக்கு. வென்றார்கள். அவர்களுக்காகப் பேனா எடுத்தவர் அன்னி பெசன்ட். பின்னாளில் சென்னை அடையாற்றுக்கு வந்து பிரம்மஞான சங்கத்துக்குத் தலைமை தாங்கிய அதே அம்மையார்தான். அவருடைய ஞானத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. அந்த 1888-ம் ஆண்டுக் கட்டுரைக்கு வந்தனம்! கிறிஸ்தவ இரட்சணிய சேனையார் 1891-ல் விஷமில்லாத தீக்குச்சித் தொழிற்சாலை ஒன்றை அதே நகரில் திறந்து, முதலாளிகளை வெட்கப்படுத்தினார்கள். பக்தி உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே விஷயத்துக்காக நிற்க முடியும் என்பதற்கு இது சாட்சி. அப்படியும் வெள்ளைப் பாஸ்பரஸை இங்கிலாந்தில் சட்டம் தடுப்பதற்கு 1910 ஆயிற்று. இந்தியாவில் 1913-ல் சட்டம் வந்தது. இன்று நாம் பயமில்லாமல் தீக்குச்சி கிழிக்கிறோம். தானாக வந்த நிம்மதியா அது?

விவசாயத் தொழிலாளர் வீட்டுக் கவலை இன்னொன்று உண்டு. அதை மஞ்சளுக்குப் பின்னால் தள்ள முடியாது. பூச்சிமருந்து அடித்து முடித்ததும் காலி கேனைப் பண்ணையார் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. "எடுத்துட்டுப் போ" என்கிறார்கள். கெட்டியான கேன், மூடி இறுக்கமானது. காசு கொடுத்து வாங்கினால் எவ்வளவு ஆகும்! கழுவிவிட்டு எண்ணெய் ஊற்றி வைக்கத் தோன்றுகிறது. வறுமைக்கு அப்படித்தான் தோன்றும். 2013 ஜூலை 16-ல் பீகாரில் சரண் மாவட்டத்துக் கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு தின்ற குழந்தைகளில் 23 பேர் மாண்டார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்தது. எண்ணெயைப் பற்றிச் சமையல்காரப் பெண் ஐயம் சொன்னதாகவும், அது காதில் ஏறவில்லை என்றும் அப்போது செய்திகள் வந்தன. ஏழைப் பெண்ணின் மூக்குக்கு உள்ள மதிப்பு அவ்வளவுதான்! அந்த மருந்துக்கு மத்திய சர்க்கார் தடை உத்தரவு போட்டது 2023-ல். பத்து வருஷம் கழித்து!

1958-லும் இப்படித்தான். பூச்சிமருந்து கசிந்த கோதுமை மாவைத் தின்று கேரளத்திலும் அன்றைய சென்னை ராஜ்யத்திலும் நூறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். உணவு மூட்டையையும் விஷப் பெட்டியையும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். பூச்சிமருந்துச் சட்டம் வந்தது 1968-ல். அதற்கும் பத்து வருஷம். நம் பிணத்துக்கும் அவர்கள் சட்டத்துக்கும் நடுவில் எப்போதும் பத்து வருஷம் இடைவெளி போலிருக்கிறது!

ஆகவே காலி கேனை வீட்டுக்குள் விடாதீர்கள். ஓட்டை போட்டு, மருந்து வாங்கிய கடைக்கே திருப்பி அனுப்பச் சொல்லிப் பண்ணையாரிடம் சண்டை போடுங்கள். மருந்து அடித்த சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறப் போடக் கூடாது. இதை மனைவி தலையில் கட்டாமல் அடித்தவனே தனியாக அலசட்டும். பாலிஷ் டிரம்மிலும் பாட்டரிப் பட்டறையிலும் வேலை செய்பவன் குளித்து உடை மாற்றிய பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். குளிக்க இடம் கொடு என்று கேட்பது நிர்வாகத்திடம் வைக்க வேண்டிய கோரிக்கை. கற்பூரத்தைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கல்கண்டு என்று எண்ணி வாயில் போட்டுக்கொள்ளும் குழந்தைக்குச் சில நிமிஷங்களிலேயே வலிப்பு வரும். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று தொண்டையில் விரலை விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மிச்சமிருக்கும் பாக்கெட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பாச்சா உருண்டைக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

மஞ்சளைக் கிழங்காக வாங்கி மாவு மில்லில் அரைத்துக்கொள்வது தூளை வாங்குவதைவிட நல்லது. ஆனால் சாயம் கிழங்கின் மேலேயே ஏறியிருக்கக் கூடும் என்பதால், பளபளப்பு இல்லாத, மண் நிறமான கிழங்கைப் பார்த்து எடுங்கள். தண்ணீர் டம்ளரில் போட்டுப் பார்த்தால் காரீயம் தெரிந்துவிடும் என்று யாராவது வித்தை காட்டினால் நம்ப வேண்டாம். அது கருவிக்குத்தான் தெரியும். குங்குமம் செய்யத் தெரிந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். மாதர் சங்கக் கிளை நாலு படி மஞ்சள் வாங்கி அவர்களை உட்கார வைத்துச் செய்து பங்கிட்டுக்கொண்டால், அதில் சித்தாந்தத்துக்கு ஒரு பங்கமும் வந்துவிடாது. சிவப்பு கொஞ்சம் மங்கலாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் வீட்டுப் பெண்ணின் ஜாக்கிரதையினால் மட்டும் இது தீராது. பூஜைக்கு மட்டும் என்ற பொடியெழுத்து செல்லாது, மஞ்சள் என்ற பெயரில் விற்பதெல்லாம் உணவுச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று சர்க்கார் உத்தரவு போட வேண்டும். மொத்த மண்டியில் மூட்டையைச் சோதிக்க வேண்டும்; சோதனை முடிவைச் சந்தை வாசலில் ஒட்ட வேண்டும். அறநிலையத் துறை நிர்வாகத்தில் உள்ள கோவில்களில் கடைகளை ஏலம் விட்டுப் பணம் வாங்குகிறார்கள் அல்லவா? அந்தக் கடைகளில் விற்கும் குங்குமத்துக்கும் மஞ்சளுக்கும் சோதனைச் சான்று கேட்கட்டும். பக்தர்களின் நலம் பேசும் பெரிய மனிதர்கள் இதற்குக் குரல் கொடுப்பார்களா என்று பார்ப்போம். பாலிஷ் மில் தொழிலாளிகளின் இரத்தத்தைச் சர்க்கார் செலவில் சோதித்து, காரீயம் ஏறியவனுக்குச் சம்பளத்தோடு வைத்தியம் கொடுக்க வேண்டும்.

ஆடி மாதத் திருவிழாச் சரக்கு கடைகளில் வந்து இறங்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு கிளையும் தன் பகுதிக் கடைகளில் மஞ்சளும் குங்குமமும் ஐந்தாறு பாக்கெட் வாங்கட்டும். கணக்கு நோட்டில் கடன் உள்ள பெண் போக வேண்டாம். சங்கச் செயலாளர் போகட்டும். சோதனைக்குத்தான் வாங்குகிறோம் என்று கடைக்காரரிடம் மரியாதையாகச் சொல்லி, பில் கேட்டு வாங்கட்டும். மாதர் சங்கத் தோழர்கள் ஊர்வலமாகச் சென்று வட்டார உணவுப் பாதுகாப்பு அதிகாரியின் மேஜைமேல் அவற்றை வைத்து, கையெழுத்துப் போட்ட ரசீது பெற்றுக்கொண்டு வரட்டும். ரசீதின் நகலையும், பிறகு வருகிற பதிலையும் நமக்கு அனுப்புங்கள். எந்தப் பகுதிக்கு என்ன பதில் வந்தது, எந்த அதிகாரி பதிலே அனுப்பவில்லை என்பதை வரிசையாக இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.